புதிய நீர்மூழ்கி விளையாட்டு: முதல் ரோந்தில் நடந்ததைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

ஆழ்வலவன்:
விளையாட்டு வெளியான இரவே இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய நீர்மூழ்கியில் 1940 ஏப்ரல் ரோந்தைத் தேர்ந்தெடுத்து, நிஜத்தன்மை அமைப்புகள் எதையும் அணைக்காமல் கிளம்பினேன். பயிற்சிப் பகுதியை நான் ஆடவில்லை. இங்குள்ள பலரும் ஆடியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். மூன்றாம் நாள் அதிகாலையில், காவல் கப்பல் ஏதுமின்றித் தனியே போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று அகப்பட்டது. தொலைவு 900 மீட்டர், பக்கவாட்டில் அதன் முழு நீளமும் தெரிந்தது, கடலும் அடங்கியிருந்தது. மின்சார டார்பிடோ ஒன்றை ஏவிவிட்டு நிறுத்துகடிகாரத்தின் மேல் கண்ணை வைத்தேன். 30 நாட் (மணிக்கு ஏறத்தாழ 56 கி.மீ.) வேகத்தில் ஓடும் அது இலக்கை எட்ட 58 நொடிகள் ஆக வேண்டும். சரியாக 58ஆம் நொடியில், இரும்புக் குழாயைச் சுத்தியலால் ஒரே ஒரு முறை தட்டியது போன்ற ஓர் ஒலி, நீருக்கடியிலுள்ள ஓசைகளைக் கேட்க உதவும் ஹைட்ரோபோனில் கேட்டது. அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

ஒலி கேட்கும் பணியாளர் காதுக்கருவியின் ஒரு பக்கத்தை விலக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். வசனம் எதுவும் இல்லை. பிறகு கருவியை மீண்டும் காதில் பொருத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். சரக்குக் கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு வளைந்து வளைந்து ஓடத் தொடங்கியது. நான் விளையாட்டை மூடிவிட்டேன். இது மென்பொருளின் பிழையா, வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்று நான்கு நாட்களாக மனம் அரித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதேனும் நடந்ததா?

காந்தமுள்:
பிழை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமே அதற்கு விடை. 1940 ஏப்ரலில் நார்வே கடற்பகுதிக்கு அனுப்பப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் டார்பிடோக்கள் அடுத்தடுத்துப் பொய்த்தன. கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய முனைகள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்தன, அல்லது வெடிக்கவே இல்லை. பல டார்பிடோக்கள் நிர்ணயித்த ஆழத்தைவிடக் கீழே ஓடி, இலக்கின் அடிப்பகுதியைத் தொடாமலே கடந்துபோயின. நீண்ட நேரம் மூழ்கியிருக்கும் படகுக்குள் கூடும் காற்றழுத்தம், டார்பிடோவின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அறைக்குள் கசிந்ததே இதற்கு ஒரு காரணம் என்பது 1942இல்தான் தெளிவானது.

அமெரிக்கர்களின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. அவர்களுடைய மார்க் 14 டார்பிடோ சுமார் 3 மீட்டர் கூடுதல் ஆழத்தில் ஓடியது. அதைச் சரிசெய்த பின்னர், இலக்கை நேர்க்கோணத்தில் மோதினால் வெடிமுள் நசுங்கிச் செயலிழக்கும் என்ற இன்னொரு குறை வெளிப்பட்டது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கி, அசையாமல் நின்றுபோன டோனன் மாரு 3 என்ற ஜப்பானியக் கப்பலின் மீது ஒன்றன்பின் ஒன்றாக ஏவியவை மோதியும் வெடிக்கவில்லை; அதன் தலைவர் கடைசி டார்பிடோவை ஏவாமல், பரிசோதனைக்கென்று துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்.

என் அனுபவம் சிறியதுதான். காந்த முனையுடன் நான் ஏவியது, பாதித் தொலைவில், வெறும் கடலில் வெடித்தது. இருட்டில் ஒரு வெள்ளை நீர்த்தூண் எழுந்து நின்ற அந்த நொடியில், அதுவரை என் இருப்பையே அறியாதிருந்த காவல் கப்பல் மூக்கை என் பக்கம் திருப்பியது.

பாதித்தரை:
காந்தமுள் அவர்களின் வரலாற்று அறிவை மதிக்கிறேன். ஆனால் இந்த விளையாட்டில் எது கெட்டாலும் வரலாற்றில் அதற்கு ஒரு முன்னுதாரணம் தேடித் தருகிற பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. எனக்கு நடந்ததற்கு எந்த ஆண்டின் ஆவணத்தைக் காட்டுவீர்கள் என்று பார்க்கிறேன். 120 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது ஆட்டத்தைச் சேமித்தேன். மறுநாள் திறந்தால், படகு கடல் மட்டத்தில் மிதக்கிறது. தலைமைப் பொறியாளர் இடுப்புவரை இரும்புத் தரைக்குள் புதைந்தபடி, மிக நிதானமான குரலில், ஆழம் 120 மீட்டர் என்று அறிக்கை தருகிறார். இரண்டு காவல் கப்பல்கள் 600 மீட்டரில் இருந்தன. அவை சுட்டன. அவர் அறிக்கை தந்துகொண்டே இருந்தார்.

முழு விலை வாங்கிக்கொண்டு வெளியிட்ட பொருள் இது. டார்பிடோ வெடிக்காதது வரலாறு என்றால், சேமித்த ஆட்டம் சேமித்தபடி திறக்காதது எது?

முன்னறை:
என்னுடையது இரண்டு வரியில் முடிந்துவிடும். விமானம் வருகிறது என்ற குரல் கேட்டதும் அவசரமாக மூழ்கும்படி ஆணையிட்டேன். உடனே அத்தனை பணியாளர்களும் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள்; படகில் ஓட்டை விழுந்துவிட்டது, என்னை விட்டுவிட்டுத் தப்பி ஓடுகிறார்கள் என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். முன்பக்கத்தின் எடையைக் கூட்டிப் படகை விரைவாகக் கீழே சாய்க்கத்தான் அந்த ஓட்டம் என்பது, அவர்கள் டார்பிடோ அறையில் ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்து நின்றதைப் பார்த்த பிறகே விளங்கியது.

மூன்றேகால்:
நான் ஏவியது கப்பலின் பின்புறமாகத் தவறிப் போனது. வேகத்தைக் குத்துமதிப்பாகக் கணித்ததே காரணம். அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் இங்கே எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதே தவற்றைச் செய்கிறீர்கள் என்று தெரிகிறது.

இலக்கின் வேகத்தை அறியப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. ஒரு நாட் என்பது மணிக்கு 1852 மீட்டர். அதாவது 3 நிமிடம் 15 நொடியில், ஒரு நாட் வேகத்தில் செல்லும் கப்பல் ஏறக்குறைய 100 மீட்டர் நகரும். ஆகவே வரைபடத்தில் இலக்கின் இடத்தை ஒரு முறை குறித்து, மூன்றேகால் நிமிடம் கழித்து மறுமுறை குறித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நூறால் வகுத்தால் கிடைப்பதே வேகம். 800 மீட்டர் என்றால் 8 நாட். தொலைவு தெரியாவிட்டால் இலக்குக் கப்பலின் கொடிமரத்தின் உயரத்தைக் கையேட்டில் பார்த்துக்கொண்டு, பெரிஸ்கோப்பில் அது எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்பதை அளந்து கணக்கிடுங்கள். அலை இருந்தால் ஒரே அளவை நம்பாமல் மூன்று முறை அளந்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தில் ஒரு நாட் பிசகினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 30 நாட் வேகத்தில் ஓடும் டார்பிடோ 1000 மீட்டரைக் கடக்க 65 நொடிகள் ஆகின்றன. அதற்குள் ஒரு நாட் பிழை சுமார் 33 மீட்டர் விலகலாக மாறும். 130 மீட்டர் நீளக் கப்பலின் நடுப்பகுதியைக் குறிவைத்தால் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. மூன்று நாட் பிசகினால் 100 மீட்டர். வெறும் தண்ணீரைத்தான் அடிப்பீர்கள். இதே கணக்கு 2500 மீட்டரில் ஒரு நாட்டுக்கே 80 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. எனவே நெருங்குங்கள். மேலும், டார்பிடோ எந்தத் திருப்பமும் இல்லாமல் நேர்க்கோட்டில் ஓடும்படி படகை முன்கூட்டியே நிறுத்திக்கொண்டால், தொலைவை நீங்கள் தவறாக அளந்திருந்தாலும் குறி கெடாது. மின்சார டார்பிடோக்களின் மின்கலங்களைச் சூடாக வைத்திருக்க மறந்துவிடாதீர்கள். குளிர்ந்துபோனால் அவற்றின் வேகமும் ஓடும் தொலைவும் குறையும், உங்கள் கணக்கு முழுவதும் வீணாகும்.

அடங்கியகாது:
மூன்றேகால் அவர்களே, ஆழ்வலவனின் டார்பிடோ இலக்கை மோதியது. மோதியதனால்தான் ஒலியே கேட்டது. அவருக்குக் குறி பார்க்கும் பாடம் எதற்கு?

பாதித்தரை அவர்களிடமும் எனக்கு மாறுபாடு உண்டு. சேமிப்பில் குறை இருப்பது உண்மை. எனக்கும் ஒரு முறை நேர்ந்தது. ஆயினும் அந்த ஒன்றை வைத்து முழுப் படைப்பையும் எடைபோடுவது நியாயமில்லை என்பதற்கு, என்னை இன்னும் விடாத ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

150 மீட்டர் ஆழம், ஓசையடக்கப் பயணம். மேலே காவல் கப்பல் ஒன்றின் சுழலியோசை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு மெல்ல நகர்கிறது. படகுக்கு மிக அருகில் வந்துவிட்டால் அவர்களுடைய எதிரொலிக் கருவி நம்மை இழந்துவிடும் என்பதும், அந்த இடைவெளியில்தான் நாம் திரும்பித் தப்ப வேண்டும் என்பதும் நீங்கள் எல்லோரும் அறிந்ததே. பிறகு, பின்பக்கமாகத் தண்ணீரில் ஏதோ விழுகிற சத்தங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. அக்கால ஆழ்வெடிகுண்டு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர்தான் இறங்கும். என் ஆழத்தை எட்ட அதற்கு 50 நொடிகள் இருந்தன. அந்த ஐம்பது நொடிகளில் நான் சுக்கானைத் திருப்பினேன், வேகத்தைக் கூட்டினேன், எண்ணத் தொடங்கினேன். முப்பதை எட்டியபோது, படகின் சாய்வில் மேசையிலிருந்து ஒரு திருகுசாவி நழுவியது. இளம் பணியாளர் ஒருவர் குனிந்து, அது தரையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால், வெறுங்கையால் பிடித்துவிட்டார். பிடித்த நிலையிலேயே, நிமிராமல், அப்படியே உறைந்து நின்றார். நானும் என் நாற்காலியில் அசையவில்லை என்பதைக் குண்டுகள் வெடித்த பிறகே உணர்ந்தேன்.

ஒரே வேண்டுகோள்: பின்னணி இசையை அணைத்துவிடுங்கள். எனக்கு முதல் ரோந்தில் அந்த எண்ணிக்கையின் நடுவே வயலின்கள் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்தன. மேலே நான் சொன்ன காட்சி இரண்டாவது ரோந்தில் கிடைத்தது.

பாதித்தரை:
திருகுசாவியைப் பிடிக்கும் கைக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியைச் சேமிப்புக் கோப்புக்குச் செலவிட்டிருக்கலாம் என்பதே என் வாதம். காட்சி நன்றாக இருந்தது என்பதை மறுக்கவில்லை.

வெளிச்சக்கோடு:
நீங்கள் எல்லோரும் படகின் உட்புறத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். என்னை உறுத்துவது வெளியே நடந்தது. 1942 செப்டம்பர் ரோந்தில் ஒரு கப்பலை மூழ்கடித்துவிட்டு, அதன் பெயரை அறிவதற்காக மேலே வந்தேன். பெயரைத் தந்தால் கூடுதல் புள்ளிகள். பெரிஸ்கோப்பை விட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏறி நின்றபோது, 50 மீட்டர் தொலைவில் ஓர் உயிர்காப்புப் படகு. அதில் ஏழு பேர். நான் நெருங்க நெருங்க அவர்களில் ஒருவர் கையை உயர்த்தினார். உதவி கேட்கிறாரா, சுடாதே என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. விசைப்பலகையில் இருந்த எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். கப்பலின் பெயரைக் கேட்பதற்கு ஒரு விசை இருந்தது. தண்ணீர் தருவதற்கோ, கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்வதற்கோ ஒன்றும் இல்லை. பெயரைச் சொன்னார்கள். புள்ளிகள் ஏறின.

அதே மாதத்தில்தான், லகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்த ஜெர்மானிய நீர்மூழ்கி யு-156 அதில் தத்தளித்தவர்களை மேலே ஏற்றி, உயிர்காப்புப் படகுகளை இழுத்துச் சென்றுகொண்டிருந்தபோது அமெரிக்க விமானம் ஒன்று தாக்கியது. அதையடுத்து, பிழைத்தவர்களைக் காப்பாற்ற முயலக் கூடாது என்று ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸ் ஆணை பிறப்பித்தார். சுழலியின் சுற்றுகளைக்கூட எண்ணிச் சேர்த்திருக்கிற இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அந்தச் செப்டம்பரின் முதல் வாரத்தில் இருந்த எனக்கு அந்த ஆணை இன்னும் வந்திருக்கவில்லை. அப்படியானால் அந்த ஏழு பேருக்கு நான் ஏதாவது செய்திருக்க முடிய வேண்டாமா?

காந்தமுள்:
வெளிச்சக்கோடு அவர்களே, நீர்மூழ்கிகளில் சென்ற ஏறத்தாழ 40,000 ஜெர்மானியர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை என்பதையும் இந்த விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லாமல் விட்டது ஒரே கையின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆழ்வலவன்:
அனைவருக்கும் நன்றி. மூன்றேகால் அவர்களின் கணக்கு சரியானது என்பதையும், எனக்கு அது அப்போது தேவைப்படவில்லை என்பதையும் ஒருசேர ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அந்த ரோந்தைத் தொடர்ந்தேன். நல்லவேளையாக நான் சேமித்தது நீர்ப்பரப்பில் இருந்தபோதுதான். பழுதான டார்பிடோக்களுக்கென்று நிஜத்தன்மைப் பட்டியலில் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அணைக்காமலே இன்னொரு கப்பலைக் குறிவைத்து, இம்முறை இரண்டு ஏவினேன். முதலாவதன் நேரம் கடந்தும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வெடித்தது, படகு முழுவதும் அதிர்ந்தது. ஒலிப் பணியாளர் இப்போதும் காதுக்கருவியின் ஒரு பக்கத்தை விலக்கிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அதே முகம்தான். இந்த ஒரு முகபாவத்தை மட்டுமே அவருக்குச் செய்துவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஆனால் முதல் முறை அவர் என்னைக் குற்றம் சாட்டினார் என்று நான் நான்கு நாட்கள் நம்பியிருந்தேன்.