சமூகவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாமா?

பாம்பன் மாணவி:
வணக்கம். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்துள்ளேன். சமூகவியலையும் சட்டத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பில் சேர விரும்புகிறேன். ஆனால் மூன்றாண்டு சமூகவியல், அதன்பின் மூன்றாண்டுச் சட்டம் என்று தனித்தனியாகப் படித்தால்தான் இரண்டிலும் ஊன்ற முடியும் என்கிறார் என் ஆசிரியை. அம்மா கடலில் பாசி எடுப்பவர். வழக்கறிஞர் ஆவதே என் நோக்கம். அதற்குச் சமூகவியல் எந்த அளவுக்குத் துணை செய்யும்?

இராமநாதபுரம் வழக்கறிஞர்:
உங்கள் அம்மாவின் தொழிலையே எடுத்துக்கொள்வோம், அம்மா. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவோரத்தில் மூழ்கிப் பாசி பறிக்கும் பெண்களை, அனுமதியின்றி நுழைந்தவர்களாக நடத்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பொருந்துகிறது. மறுபக்கம், வனத்தை நம்பி வாழ்வோரின் உரிமைகளை ஏற்கும் 2006-இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. பழங்குடியினர் அல்லாதோர் அதில் உரிமை கோர வேண்டுமானால், மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, வனத்தை நம்பி அங்கேயே வாழ்ந்து வந்ததை நிறுவ வேண்டும். தீவையும் அதைச் சுற்றிய கடலையும் அச்சட்டம் எவ்வளவு தூரம் தழுவும் என்பது வாதத்துக்குரியது. ஆனால் ஊர் மூத்தோரின் எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் அதன் விதிகள் சான்றாக ஏற்கின்றன என்பதைக் கவனியுங்கள். எந்தப் பாட்டியிடம், எந்தக் கேள்வியை, எந்த வரிசையில் கேட்டால் அந்த வாக்குமூலம் நிற்கும் என்பதைச் சமூகவியலின் களஆய்வுப் பாடம்தான் கற்றுத் தரும்.

சமூகவியல் விரிவுரையாளர்:
மேலே உள்ளதை ஏற்கிறேன், ஒரு மறுப்புடன். ஐந்தாண்டுப் படிப்பில் சமூகவியல் பாடம் அரசியல் அறிவியல், பொருளியல் முதலியவற்றோடு இடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. களஆய்வுக்கு அங்கே கிடைக்கும் நேரம் குறைவு, அந்தக் குறையை மாணவர்தாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஏட்டுச் சட்டத்துக்கு அப்பால், மக்கள் தமக்குள் கடைப்பிடிக்கும் 'வாழும் சட்டம்' ஒன்று உண்டென்று ஆஸ்திரியச் சட்ட அறிஞர் எர்லிக் 1913-இல் எழுதினார். கரைவலையில் யாருக்கு எத்தனை பங்கு, ஊர்க்கூட்டத்தின் கட்டுப்பாட்டை மீறினால் என்ன தண்டம் என்பவையெல்லாம் அவ்வகையைச் சேர்ந்தவையே. அதை அழகுபடுத்தவும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் பாசி எடுக்கும் பெண்களின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்றும் கேட்க வேண்டும். ஆய்வுப் பணியை நாடுவோருக்கு ஆசிரியையின் வழி சரி. உங்கள் நோக்கத்துக்கு ஐந்தாண்டு போதும்.

சட்டக் கல்லூரி மாணவர், நான்காம் ஆண்டு:
அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. இராமநாதபுரத்திலேயே ஒரு கல்லூரி உள்ளது. திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்த வழியில் படித்தாலும் இறுதியில் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு உண்டு. ஐந்தாண்டு மாணவர் 20 வாரப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. அப்பயிற்சியின் ஒரு பகுதியை விடுமுறையில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. விசைப்படகுகள் கரையில் நிற்கும், பேச ஆள் கிடைப்பார்கள்.