உமிச்சாம்பல் வாங்கிப் போன மாணவர்கள் முடிவைச் சொல்லவே இல்லை

பாபநாசம் பிளாக் பட்டறை:
ஹாலோ பிளாக் போடுகிறேன். பக்கத்து அரிசி ஆலை பாய்லரில் உமிதான் எரிகிறது. ஆடிக் காற்றில் அந்தச் சாம்பல் பறந்து வந்து காயப்போட்ட பிளாக்கெல்லாம் கருப்பாகிவிடும். அதையே சிமென்டோடு கலந்து பார்க்கலாம் என்று போன வருஷம் ஒரு கல்லூரியிலிருந்து நாலு மாணவர்கள் வந்தார்கள். மூன்று மூட்டை சாம்பலும் இரண்டு நாள் மெஷினும் கொடுத்தேன். சிமென்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சாம்பல் போட்டோம். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தது. கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. பிளாக்கை உடைத்துப் பார்க்க எடுத்துப் போனார்கள். அப்புறம் பரீட்சை, அப்புறம் வேலை. பலம் எவ்வளவு வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது இன்னொரு கல்லூரியில் கேட்கிறார்கள். என்ன சொல்லி ஒத்துக்கொள்வது?

சிவில் ஆசிரியர், திருச்சி:
உங்கள் வருத்தம் நியாயமானது ஐயா. பிளாக் போட்டு 28 நாள் கழித்துத்தான் பலம் பார்ப்பது வழக்கம், அதற்குள் செமஸ்டரில் ஒரு மாதம் போய்விடும். பையன்கள் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்கள். அதனால் கல்லூரியின் துறையிடமே எழுதி வாங்குங்கள். முடிவு மோசமாக வந்தாலும் ரிப்போர்ட் பிரதி உங்களுக்கு வர வேண்டும்.

சாம்பலைப் பற்றி ஒன்று. உமி சுமார் 500 முதல் 700 டிகிரிக்குள் எரிந்தால்தான் அதிலுள்ள சிலிக்கா சிமென்டோடு நன்றாகச் சேரும். சூடு மிஞ்சினால் படிகமாகி மந்தமாகிவிடும். கருப்பு நிறம் எரியாத கரி. தண்ணீர் குடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. நன்றாக அரைத்துப் போட வேண்டும். பாய்லரை ஓட்டுகிறவரும் இந்த முயற்சியில் சேராவிட்டால் இன்றைய சாம்பல் மாதிரியே நாளைக்கும் கிடைக்காது.

குத்தாலம் சைட் இன்ஜினியர்:
உர ஆலைக் கழிவு ஜிப்சத்தில் செய்யும் ஜிஎஃப்ஆர்ஜி பேனலை (கண்ணாடி இழை சேர்த்த ஜிப்சம் சுவர்ப் பலகை) ஐஐடி மெட்ராஸ் ஆராய்ந்தபோது, பரிசோதனையோடு விடவில்லை. 2013-இல் வளாகத்திலேயே இரண்டு தள வீடு கட்டிக் காட்டினார்கள். உங்கள் பட்டறையிலும் ஒரு சின்னச் சுவராவது எழுப்பச் சொல்லுங்கள் அண்ணே. நம் ஊர் ஐப்பசி மழையில் நின்றால்தானே வாங்குகிறவன் நம்புவான்?

பாபநாசம் பிளாக் பட்டறை:
நன்றி சார், நன்றி தம்பி. ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார். இனி மூட்டைக்கு மூட்டை, எரித்த தேதியையும் குறுவை உமியா சம்பா உமியா என்பதையும் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சுவருக்கு வாசல் பக்கம் இடம் ஒதுக்கிவிட்டேன்.