எஸ்.ஜி. பைப் பிட்டிங் ஏற்றுமதி: சிபாம் வரியைக் குறைக்க சோலாரா, சார்ஜ் மாற்றமா?

கேள்வி: கோவை_வார்ப்பு

வணக்கம். கோவையில் இண்டக்ஷன் பர்னஸ் பவுண்டரி. மாதம் 150 டன் நல்ல காஸ்டிங். பாதி எஸ்.ஜி. அயர்ன் (உருண்டை கிராபைட் உள்ள வார்ப்பிரும்பு) பைப் பிட்டிங், எச்.எஸ். கோடு (சுங்கப் பொருள் எண்) 7307 19, ஜெர்மனிக்குப் போகிறது. மீதி பம்ப் பாகங்கள், 8413 91, இத்தாலிக்கு. சார்ஜ் (பர்னஸில் போடும் கலவை): பிக் அயர்ன் (தாதுவிலிருந்து உருக்கிய கச்சா இரும்பு) 30, ஸ்டீல் ஸ்கிராப் 30, ரிட்டர்ன்ஸ் (எங்கள் வார்ப்பிலேயே கழியும் துண்டுகள்) 40 சதவீதம். கிரேடு 400/15, 500/7 (இழுவலிமை/நீட்சி சதவீதம்) இரண்டும் ஓடுகிறது.

ஜெர்மன் வாடிக்கையாளர் ஒரு டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று கேட்டு எக்செல் படிவம் அனுப்பியிருக்கிறார். கூரை முழுக்க சோலார் போட்டால் சிபாம் வரி (இறக்குமதிப் பொருளின் கார்பன் உமிழ்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கட்டணம்) குறையும் என்கிறார்கள். உண்மையா? முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

பதில் 1: ஏற்றுமதி_டெஸ்க்

சோலார் கரண்ட் பில்லைக் குறைக்கும், சிபாமைக் குறைக்காது. இரும்பு, எஃகு, அலுமினியம் மூன்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் நேரடி உமிழ்வுக்கு மட்டும்தான் கட்டணம் வாங்குகிறது. பர்னஸ் இழுக்கும் யூனிட் இந்தக் கணக்கில் வராது. டீசல் ஜெனரேட்டரும் அப்படியே. அது மின்சாரம் தயாரிக்க எரிவதால் மின்சாரக் கணக்கில் போகும்.

இரண்டாவது, உங்கள் பொருளில் பாதிக்குத்தான் இந்தத் தலைவலி. 7307 பட்டியலில் இருக்கிறது. பம்ப் பாகங்களின் 8413 இல்லை. மேன்ஹோல் மூடி போன்ற 7325-உம் இல்லை, ஆனால் 7326 உண்டு. அதனால் கோடு போடும்போது பழக்கத்தில் எதையாவது எழுதிவிடாதீர்கள். 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திட்டத்தில் இன்னும் பல எஃகு, அலுமினியப் பொருள்களைச் சேர்க்கக் கேட்டிருக்கிறது. ஆகவே பம்ப் பக்கக் கணக்கையும் இப்போதே தனியாக வைத்துவிடுங்கள்.

கட்டுவது நீங்கள் அல்ல, இறக்குமதியாளர். அவர் ஆண்டுக்கு எல்லா சப்ளையரிடமிருந்தும் சேர்த்து 50 டன்னுக்குள் சிபாம் பொருள் இறக்கினால் அவருக்கு விலக்கு. உங்கள் அளவுக்கு அது பொருந்தாது. 2026-இல் இறங்கும் சரக்குக்கான சான்றிதழ் (கட்டணத்துக்காக அவர் வாங்க வேண்டியது, ஒரு டன் உமிழ்வுக்கு ஒன்று) விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்கும். கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று: “2026-இல் 2.5 சதவீதம்தான் கட்டணம்” என்பது. இல்லை. பெஞ்ச்மார்க் (அந்தப் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் ஒப்பீட்டு உமிழ்வு) அளவில் 97.5 சதவீதம்தான் கழிக்கப்படும். அதற்கு மேலே உள்ள உமிழ்வு முழுவதற்கும் முழு விலை. கணக்கு முறை புரிய ஓர் எடுத்துக்காட்டு: உங்கள் உமிழ்வு டன்னுக்கு 1.1 டன், பெஞ்ச்மார்க் 0.4 என்று வைத்தால், 1.1 கழித்தல் 0.39, மீதி 0.71 டன். சான்றிதழ் 75 யூரோ என்றால் ஒரு டன் பிட்டிங்குக்கு 53 யூரோ. உமிழ்வை 0.4-க்குக் கொண்டுவந்தால் அதுவே ஒரு யூரோவுக்கும் கீழே.

பதில் 2: மெல்டிங்_ஷாப்

அந்த 1.1 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சார்ஜில் பிக் அயர்ன் 30 சதவீதம். ஆனால் 40 சதவீத ரிட்டர்ன்ஸ் உள்ளேயே சுற்றுகிறது, வெளியே போவது 60தான். ஆக, ஒரு டன் நல்ல காஸ்டிங்குக்கு அரை டன் பிக் அயர்ன் வாங்குகிறீர்கள். பிளாஸ்ட் பர்னஸ் பிக் அயர்னுக்கு டன்னுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு என்று எடுத்தால், அதுவே ஒரு டன் ஆகிவிட்டது. லேடில் சூடேற்றும் எல்.பி.ஜி., கோர் ஓவன், பச்சை மணலில் சேரும் கோல் டஸ்ட் எல்லாம் சேர்ந்தாலும் மீதிச் சில்லறைதான். ஸ்கிராப்புக்குப் பூஜ்யம்.

எனவே 30-ஐ 10 ஆக்குங்கள், ஸ்டீல் ஸ்கிராப்பை 50 ஆக்குங்கள். 1000 கிலோ சார்ஜுக்குக் கார்புரைசர் (உருகலில் கார்பன் ஏற்றச் சேர்க்கும் பொருள்) சுமார் 11 கிலோவிலிருந்து 20–21 கிலோவாகும் (98 சதவீதக் கார்பன், 88 சதவீத ரெக்கவரி என்ற கணக்கில்). பிக் அயர்ன் கொண்டுவந்த சிலிக்கானுக்கு ஈடாக 75 கிரேடு பெரோ சிலிக்கான் 5 கிலோ கூடும். பெரோ சிலிக்கான் சிபாம் பட்டியலில் இல்லை, பெரோ மாங்கனீஸ் உண்டு. இந்த மாற்றத்தில் ஒரு டன் காஸ்டிங்குக்கு 0.65 டன் அளவுக்கு உமிழ்வு குறையும். எரிந்துபோகும் கார்புரைசரால் கூடுவது 15 கிலோகூட இருக்காது.

எங்கே உதைக்கும்?

மாங்கனீஸ். 400/15-க்கு 0.2–0.25 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். டி.எம்.டி. கம்பித் துண்டு, ஸ்ட்ரக்சரல் வெட்டு போட்டால் அது தாண்டி பெர்லைட் (உலோகத்தைக் கடினமாக்கும் அமைப்பு) ஏறும், நீட்சி அடிபடும். சி.ஆர்.சி.ஏ. பஞ்சிங் (குளிர் உருட்டுத் தகட்டு வெட்டுத்துண்டு) மட்டும் வாங்குங்கள். கால்வனைஸ் தகடு கலந்திருந்தால் துத்தநாகப் புகையும் லைனிங் சேதமும் வரும். 500/7-க்கு 0.35 வரை தாங்கும், மலிவு ஸ்கிராப்பை அங்கே திருப்புங்கள்.

கார்புரைசர். எஸ்.ஜி.க்கு கந்தகமும் நைட்ரஜனும் குறைந்த கிராபைட் வகைதான். அதைக் கடைசியில் கசடு மேல் கொட்டினால் பாதி எரிந்து போகும், ஸ்பெக்ட்ரோவில் (உலோகச் சோதனைக் கருவி) கார்பன் ஏறாது, ஆளாளுக்கு இன்னும் ஒரு மூட்டை போடுவார்கள். பர்னஸில் கொஞ்சம் ஹீல் (முந்தைய உருகலின் மிச்சம்) விட்டு, முதல் ஸ்கிராப்போடு அடியிலேயே போடுங்கள். பெரோ சிலிக்கான் கார்பன் கரைந்த பிறகு. சிலிக்கான் முன்னால் ஏறினால் கார்பன் கரைவது குறையும்.

நியூக்ளியஸ் (கிராபைட் உருவாகத் தொடங்கும் கரு). பிக் அயர்ன் குறைந்த உலோகம் சில் அடிக்கும் (கிராபைட் உருவாகாமல் வெள்ளையாக உறையும்), மெல்லிய பிட்டிங் விளிம்பில் கார்பைடு வரும். 1500 டிகிரியில் நீண்ட நேரம் நிறுத்தாதீர்கள். லேடில் இனாகுலேஷனோடு (கிராபைட் கரு உண்டாக்கச் சேர்க்கும் மருந்து), ஊற்றும்போது ஸ்ட்ரீமிலும் 0.1 சதவீதம் சேருங்கள். 30-இலிருந்து ஒரேயடியாகக் குதிக்காமல் 20-இல் சில ஹீட் (உருக்கு முறை) ஓட்டி, நாடுல் (கிராபைட் உருண்டை) எண்ணிக்கையும் டென்சைலும் (இழுவலிமை) பார்த்துவிட்டு இறக்குங்கள்.

பிக் அயர்னுக்குப் பதிலாக ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமல் எடுக்கும் இரும்பு) போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் கணக்கில் வரும் மூலப்பொருள். நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரியில் தயாராவது, இன்னும் மோசம்.

கோவை_வார்ப்பு

அந்த அரை டன் கணக்கு எங்களுக்குத் தோன்றவே இல்லை, நன்றி. எங்கள் கிரே அயர்ன் (சாதாரண வார்ப்பிரும்பு) வேலை கொஞ்சம் வெளியில் குபோலாவில் (கோக் எரித்து உருக்கும் உலை) ஓடுகிறது. அதற்கும் இதே வழியா? படிவத்துக்கு என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

பதில் 3: எரிசக்தி_தணிக்கை

குபோலாவில் கோக்கும் நேரடி உமிழ்வு. உலோகத்தில் 12 சதவீதக் கோக் என்றால் ஒரு டன் உருகலுக்கு 120 கிலோ, அதாவது 0.36 டன் கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புக்கல் 40 கிலோ போட்டால் இன்னொரு 17 கிலோ. இதோடு பிக் அயர்ன் தனி. சிபாம் கோடுள்ள பொருளை அங்கே ஊற்றாமல் உங்கள் இண்டக்ஷனுக்கே கொண்டுவருவதுதான் சுலபம். கிரே அயர்னை ஸ்கிராப்பில் ஓட்டும்போது கந்தகம் மிகக் குறைந்துவிடும், இனாகுலேஷன் பிடிக்காது. அயர்ன் சல்பைடு சேர்த்துக் கந்தகத்தை 0.06–0.08 சதவீதத்தில் வையுங்கள். மாங்கனீஸ் சதவீதம், கந்தகச் சதவீதத்தைப் போல் 1.7 மடங்கோடு 0.3 கூட்டி வருவது.

படிவத்துக்கு: ஏப்ரல்–மார்ச் கணக்கு உதவாது, ஜனவரி–டிசம்பர் வேண்டும். டிசம்பர் 31 மாலை பிக் அயர்ன், ஸ்கிராப், எல்.பி.ஜி. இருப்பை எடை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஹீட் வாரியாக சார்ஜ் ஷீட், எடைமேடைச் சீட்டு, அனுப்பிய நல்ல காஸ்டிங் எடை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் முதலாண்டு நேரில் வந்து பார்ப்பார், இந்த மூன்றில்தான் கேள்வி விழும். சரிபார்த்த எண் இல்லையென்றால் இயல்பு மதிப்பு (ஐரோப்பிய ஆணையம் முன்கூட்டியே குறித்த உமிழ்வு எண்) போடுவார்கள். அதன்மேல் 2026-இல் 10, 2027-இல் 20, 2028 முதல் 30 சதவீதம் கூட்டல். பிக் அயர்ன் சப்ளையரின் எண்ணும் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் இயல்பு மதிப்புதான். அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அதை நிபந்தனையாக எழுதிவிடுங்கள்.

மெல்டிங்_ஷாப் சொன்ன பஞ்சிங் ஸ்கிராப்பில் ஒரு கவனம். 2025 டிசம்பர் முன்மொழிவில், தொழிற்சாலை வெட்டுத்துண்டு ஸ்கிராப்பையும் கணக்கில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். பயன்படுத்திக் கழித்த ஸ்கிராப் வேறு, பஞ்சிங் வேறு என்று இரண்டு லெட்ஜராக இன்றே பிரித்து வாங்குங்கள். பிறகு பிரிக்க முடியாது.