கப்பிச்சாலை: ‘கிராவல்’ சைக்கிள் வழிகளுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கீல்டர் காட்டுச் சைக்கிள் வழிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும், ‘கிராவல்’ என்பதற்கு நம் பொது அகரமுதலியில் என்ன சொல் வைக்கலாம் என்று நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. தார் பூசாமல் கல் பரப்பிய ‘கிராவல் ரோடு’, அதில் ஓட்டுவதற்கான ‘கிராவல் பைக்’ இரண்டுக்கும் சேர்த்து சரளைச்சாலை, பரல்வழி, கிறவல் வீதி, கப்பிச்சாலை என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. என் வாக்கு கப்பிச்சாலைக்கு. காரணத்தைச் சொல்லுமுன் அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல் அந்தத் தரையில் நிற்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, வடக்கு டைன் ஆறு இறங்கி வரும் பள்ளத்தாக்கு அது. முதல் உலகப் போரில் மரத்துக்குப் பட்ட பாட்டைப் பார்த்து 1919-இல் பிரிட்டனில் வனத்துறை ஆணையம் அமைத்தார்கள். 1926-இல் கீல்டரில் நடவு தொடங்கியது. ஆடு மேய்ந்த மேடுகளெல்லாம் இன்று 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். வெட்டிய மரம் வெளியே வர வேண்டுமே, அதற்காகப் போட்டவைதான் இந்தச் சாலைகள். 44 டன் வரை எடையுள்ள லாரி ஏறி இறங்கும் சாலை. தார் போட்டால் கட்டுபடியாகாது, வெறும் மண்ணாக விட்டால் வடக்கத்திய மழையில் சேறாகிவிடும். உடைத்த கல்லைப் பரப்பி, இறுக்கி, நடுமுதுகை உயர்த்தி, இருபுறமும் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் பிற்பாடு வந்தவர்கள். 2016 முதல் டர்ட்டி ரீவர் என்ற பெயரில் அங்கே 200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது.

முன்சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் அந்தச் சாலை ஒரே சாலையாக இருக்காது. லாரிச் சக்கரம் போகும் இரண்டு வரியிலும் கல்லும் தூளும் சேர்ந்து கெட்டிப்பட்டு, கிட்டத்தட்ட தார்ச்சாலைபோல டயர் ஓடும். நடுவில் புல். ஓரத்தில் உதிரிக் கல். வளைவில் ஓரத்துக்கு ஒதுங்கினால் பின்சக்கரம் சறுக்கும். மரம் வெட்டு நடக்கும் பகுதியில் புதுக்கல் கொட்டியிருப்பார்கள். முனை மழுங்காத கல், டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்து வைத்து, உள்ளே டியூப் இல்லாமல் ஓட்டையை அடைக்கும் லேட்டெக்ஸ் பாலை ஊற்றி ஓட்டுவது இதற்காகத்தான். வழிக்குறிப்பு எழுதுகிறவர் ‘இங்கே கெட்டி, அங்கே உதிரி’ என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அந்தக் குறிப்பால் பயன் இல்லை.

ஆங்கிலத்தில் இந்த இடத்தில்தான் குழப்பம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தரைவகைக் குறிச்சொற்களைத் தமிழாக்குகிறவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். அங்கே ‘கிராவல்’ என்று குறித்தால் தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பதுபோன்ற கூர்முனை உடைகல், இறுகாமல் கிடப்பது. ‘ஃபைன் கிராவல்’ வேறு, ‘காம்பாக்டட்’ வேறு. பெரிய கல்லும் சின்னத் தூளும் கலந்து ரோலர் ஓட்டி இறுக்கியதுதான் மூன்றாவது. ‘கிராவல் பைக்’ வைத்திருப்பவர் தேடிப் போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதை. வரைபடத்தில் முதல் குறி போட்ட நீளமான வழியைப் பார்த்தால் அவர் சுற்றிக்கொண்டு போவார். இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்த்தால் ஆங்கிலத்தின் குழப்பம் அப்படியே நமக்கு வந்து சேரும். நமக்கு அந்தத் தலைவிதி இல்லை.

> சரளை என்பது அகராதியில் இருக்கிறது, பாடநூலிலும் இருக்கிறது. புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

ஐயா, சரளை நல்ல சொல்தான். ஆனால் உழவர் வாயில் அது பெரும்பாலும் நிலத்தின் பெயர். சரளை மண், சரளைக் காடு என்பது தோண்டினால் தானாக வருவது, யாரும் போட்டதல்ல. கீல்டரில் காட்டுச்சாலையை விட்டு மேட்டுநிலத்தில் ஏறினால் அப்படிப்பட்ட தடங்கள் வரும். கரி மண்ணுக்குள் கல் தலைகாட்டும். அதைச் சொல்லச் சரளை வேண்டும். அதைச் சாலைக்குக் கொடுத்துவிட்டால் அங்கே கை வெறுமையாகிவிடும்.

> எங்கட பக்கம் கிறவல் ரோட்டு எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதையே வைக்கலாம்தானே?

அண்ணை, பேச்சில் அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஈழத்தில் அது ஊரின் சொல்லாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் ‘கிராவல்’ என்றால் லாரியில் வரும் செம்மண் கலந்த சரளை. வீட்டு அடித்தளத்தை நிரப்ப வாங்குவது அது. ஒரே ஒலி, இரண்டு கரையிலும் இரண்டு பொருள். பொது அகரமுதலியில் முதன்மைச் சொல்லாக வைத்தால் பாதிப் பேருக்குத் தவறான படம் எழும். ஈழ வழக்கு என்ற குறிப்போடு இணைச்சொல்லாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றே முன்மொழிகிறேன்.

> பரல்வழி! சங்கப் புலவர்கள் பாலை வழியைச் சொன்ன சொல். இதைவிட அழகான சொல் கிடைக்குமா?

அழகில் எனக்கு ஐயம் இல்லை, அக்கா. பொருளில் ஐயம். பரல் என்றால் காலில் உறுத்தும் பருக்கைக்கல். பாலை வழி, நடப்பவனை வருத்தும் வழி. தலைவன் பிரிவின் கடுமையைச் சொல்ல வந்தது. யாரும் அதைச் செப்பனிட்டு வைக்கவில்லை. நாம் பேசுவதோ பொறியாளர் கணக்குப் போட்டு இறுக்கிய சாலை. இந்தச் சொல்லைக் கவிதையும் பயணக் கட்டுரையும் எடுத்துக்கொள்ளட்டும். யாராவது தம் சைக்கிள் குழுவுக்குப் ‘பரல்வழி’ என்று பெயர் வைத்தால் முதலில் மகிழ்வது நானாகத்தான் இருக்கும்.

இனி கப்பி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் சாலையின் வளர்ச்சியை எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் மண் ரோடு, பிறகு கப்பி ரோடு, கடைசியில் தார் ரோடு. நடுவில் இருக்கும் அந்தப் படிதான் நாம் தேடுவது. ஆள் போட்டது, கல் பரப்பியது, இறுக்கியது, தார் பூசாதது. கப்பி என்ற சொல்லே உரலில் இடித்தபின் தங்கும் குருணையையும் குறிக்கும். உடைந்த துண்டு என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது. அது போடும் முறையும் ஒத்துப்போகிறது. ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டி, இடுக்கில் பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து மறுபடி ஓட்டுவார்கள். இதற்கு மூலம், சாலைப் பொறியாளர் ஜான் மக்காடம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை. உடைகல்லின் முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு எடையால் இறுகும் என்பது அவர் கண்டது. ஒரு கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது 170 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் விதி. அவர் பிறந்தது ஸ்காட்லாந்தில், கீல்டருக்கு மேற்கே கடலோரத்து ஏர் நகரில். ஆக, நம் ஊர்க் கப்பி ரோடும் அந்தக் காட்டுச்சாலையும் ஒரே தொழில்நுட்பத்தின் இரண்டு கிளைகள். ஒப்புமைக்காக ஒட்டவைத்த சொல்லாக இதை நான் பார்க்கவில்லை.

> கப்பி என்றால் கிணற்றில் தொங்குவது. இயற்பியலில் நிலைக்கப்பி, இயங்கு கப்பி. போதாததற்கு சைக்கிளின் பின் கியரிலேயே இரண்டு கப்பி இருக்கிறது!

இதுவரை வந்ததில் வலுவான மறுப்பு இதுதான், தம்பி. சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் அந்தச் சின்னப் பற்சக்கரங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைப் பெயர்த்தால் கப்பி என்றுதான் வரும். அதனால் இரண்டு விதி வைக்கலாம். ஒன்று, சாலைப் பொருளில் கப்பியைத் தனியாக நிறுத்தாமல் கப்பிச்சாலை, கப்பித்தளம் என்று கூட்டுச்சொல்லாகவே எழுதுவது. வண்டியையும் ‘கப்பி மிதிவண்டி’ என்று சுருக்காமல் ‘கப்பிச்சாலை மிதிவண்டி’ என்றே எழுத வேண்டும். நீளம்தான், ஆனால் மயக்கம் இல்லை. இன்னொன்று, கியரில் இருப்பதைச் ‘சங்கிலி உருளை’ என்பது. அது செய்யும் வேலையும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அப்படி வைத்துக்கொண்டால் வரைபடச் சொற்களும் தாமாக இடம்பிடிக்கின்றன. இறுக்கிய தரை கப்பித்தளம். உதிரிக் கூர்கல் ஜல்லி. நுண்ணியது பொடிஜல்லி. ஆற்றில் உருண்டு மழுங்கியது கூழாங்கல். ஜல்லியில் ஒன்றரை, முக்கால், அரை, கால் என்று கட்டட வேலையில் அங்குலத்தில் அளவு சொல்லும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ‘முக்கால் ஜல்லி, புதிதாகக் கொட்டியது’ என்று வழிக்குறிப்பில் எழுதினால் தமிழ் படிக்கிறவருக்குக் கல்லின் அளவே கண்ணுக்குத் தெரியும்.

மற்ற சில சொற்களுக்கு நாம் மெனக்கெட வேண்டியதே இல்லை. ஒரு சைக்கிள் மட்டும் போகும் அகலமுள்ள வழிக்கு ஒற்றையடிப்பாதை தயாராக இருக்கிறது. இரண்டு சக்கர வரியும் நடுவில் புல்லுமாகப் போவது வண்டித்தடம். கோவைப் பக்கத்து நண்பர் இட்டேரி என்றார். அருமையான சொல், ஆனால் இருபுறமும் வேலி இருந்தால்தான் இட்டேரி. கீல்டரின் திறந்த மேட்டில் அது பொருந்தாது.

பழைய ரயில்பாதை மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. ஹெக்ஸம் நகரிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாக எல்லை தாண்டிய ரயிலில் பயணிகள் வண்டி 1956-இல் நின்றது. பிறகு வடக்கு டைன் ஆற்றை மறித்து 1981-இல் அணையை முடித்தபோது பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. ஏழு வளைவுகள் கொண்ட 1862-ஆம் ஆண்டுக் கல்பாலம் தப்பியது. அணையால் உருவான ஏரியைச் சுற்றும் 42 கிலோமீட்டர் வழி இன்று அதன்மேல் போகிறது. தண்டவாளத்தை எடுத்தபின் எஞ்சும் அந்தச் சமதளத்துக்கு ‘ரயில்தடம்’ என்று வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. எல்லைக்கோட்டில் பிளடி புஷ் என்ற இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. நிலக்கரி இழுக்கும் குதிரைக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று சுங்கக் கட்டணம் பொறித்த தூண். நிலக்கரி கொண்டுபோன தனியார் சாலை அது, இன்று சைக்கிள் வழி. இங்கிலாந்தில் குதிரைப்பாதை என்று பதிவான வழிகளில் சைக்கிள் ஓட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. நடைபாதை என்று பதிவானவற்றில் அந்த உரிமை இல்லை. ஆகவே ‘குதிரைப்பாதை’ என்பதை வரைபடத்தில் விளக்கச் சொல்லாக நினைத்து மாற்றிவிட வேண்டாம். அது சட்டச்சொல், அப்படியே இருக்க வேண்டும்.

> பன்னாட்டுப் போட்டியின் பெயரே ‘கிராவல்’ என்று இருக்கும்போது நாம் மாற்றினால் யார் ஏற்பார்கள்?

போட்டியின் பெயர் போட்டியின் பெயராகவே இருக்கட்டும். 2022-இல் இத்தாலியின் வெனெத்தோவில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியை எழுதும்போது நானும் கிராவல் என்றே எழுதுவேன். ஆனால் அதே இத்தாலியில் டஸ்கனிக்காரர் தம் ஊர்ச் சாலையை வெள்ளைச்சாலை என்கிறார். அங்கத்துச் சுண்ணத்தூளின் நிறம் அது. தன் ஊர்த் தரைக்குத் தன் சொல் வைத்திருப்பதால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

அகரமுதலிக்கு என் வரைவு: “கப்பிச்சாலை: உடைகல்லும் தூளும் பரப்பி இறுக்கிய, தார் பூசாத சாலை. இணை: கிறவல் வீதி (ஈழம்).” மறுப்பு இருந்தால் இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள்; திங்கள்கிழமை பட்டியலில் ஏற்றிவிடலாம்.

ஒரு சொல் மட்டும் கைக்கு வரவில்லை. காய்ந்த சாலையில் வண்டிகள் வேகமாகப் போய்ப் போய்க் குறுக்கே அலை அலையாக மேடு விழும், சைக்கிளில் போனால் கைமூட்டுவரை அதிரும். ‘வரிமேடு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். குவாரிச் சாலையில் டிப்பர் ஓட்டுகிறவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். குழுவில் யாருக்காவது அவர்களோடு பழக்கம் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.