கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு ஆன்டிபயாடிக்: அளவு எங்கே தவறுகிறது? (அனுபவப் பகிர்வு)

குழந்தைகள் வார்டு மருத்துவர்

"காய்ச்சலே இல்லையே, எதுக்கு ஊசி?" என்று கேட்காத தாய் குறைவு. மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போன, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு உள்ளே தொற்று இருந்தாலும் உடம்பு சுடாமலே போகலாம். அக்குளில் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில்லிட்டிருந்தால் அதையே தொற்றாகக் கொண்டு வைத்தியத்தைத் தொடங்க வேண்டும். ரத்தச் சர்க்கரையையும் கையோடு பார்த்துவிடுங்கள். உடல் வெப்பமும் சர்க்கரையும் பெரும்பாலும் சேர்ந்தே இறங்கும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது. நன்றாகச் சாப்பிடுகிற, வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வாய்வழி அமாக்ஸிசிலின், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 40–45 மி.கி., நாளுக்கு இருவேளை, 5 நாள். வார்டில் சேர்த்த குழந்தைக்கு ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 2 நாள். பிறகு 5 நாள் வாய்வழி அமாக்ஸிசிலின். முதல் நாளிலிருந்தே கூடவே ஜென்டாமைசின் கிலோவுக்கு 7.5 மி.கி., நாளுக்கு ஒரே முறை, 7 நாள்.

வார்டு செவிலியர்

டாக்டர் எழுதிய அளவு சரியாகத்தான் இருக்கும். தப்பு நடப்பது வயலில் (ஊசி மருந்துக் குப்பியில்). ஜென்டாமைசின் ஒரு மில்லிக்கு 40 மி.கி., 10 மி.கி. என இரண்டு விதமாக வருகிறது. 6 கிலோ குழந்தைக்கு 45 மி.கி. வேண்டும். முதல் வயலில் அது 1.1 மில்லி, இரண்டாவதில் 4.5 மில்லி. வயல் மாறிப்போய் முதலாவதில் 4.5 மில்லி இழுத்தால் 180 மி.கி.! காதும் சிறுநீரகமும் கெட்டுப்போகலாம். கேஸ் ஷீட்டில் மில்லியை மட்டும் எழுதாதீர்கள், மில்லிகிராமும் வேண்டும்.

வயதை வைத்து அளவு போடவே கூடாது. மெலிந்துபோன இரண்டு வயதுக் குழந்தை 6 கிலோதான் இருக்கலாம். கால் வீக்கத்தோடு வந்த குழந்தைக்கு நீர் வடிய வடிய எடை இறங்கும். அன்றன்றைய எடையைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள். தொடையில் சதையே இல்லாத பிள்ளைக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி குத்துவதும் பாவம், இடம் மாற்றிப் போடுங்கள்.

மருந்தாளுநர்

டிரை சிரப்பிலும் (தண்ணீர் கலந்து கொடுக்கும் தூள் மருந்து) இதே கூத்துதான். அதே 6 கிலோவுக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 250 மி.கி. அமாக்ஸிசிலின். 5 மில்லியில் 125 மி.கி. உள்ள பாட்டிலில் 10 மில்லி, 250 மி.கி. பாட்டிலில் 5 மில்லி. சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்தனுப்புங்கள். ஆறவைத்த கொதிநீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மட்டம் குறைந்திருந்தால் மீண்டும் கோடு வரை ஊற்றச் சொல்லுங்கள். கரையும் மாத்திரை கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை: 250 மி.கி. ஒன்று, ஒரு ஸ்பூன் தண்ணீரில்.

வார்டு செவிலியர்

விட்டுப்போனது ஒன்று: ஆம்பிசிலினையும் ஜென்டாமைசினையும் ஒரே சிரிஞ்சில் இழுக்காதீர்கள், ஜென்டாமைசின் வீரியம் போய்விடும். கலக்கிய ஆம்பிசிலினை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.

குழந்தைகள் வார்டு மருத்துவர்

48 மணி நேரத்தில் தேறவில்லையா? அளவை ஏற்றாதீர்கள். காசநோய், எச்ஐவி, மலேரியா, மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று தேடிவிட்டு மருந்தை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.