சனிக்கிழமை பூலாம்பட்டி, ஞாயிற்றுக்கிழமை சபை: இரண்டுக்கும் போக முடியுமா?

கொலுசுக் கணக்கு

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வயது 23, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் லுத்தரன் சபையில் ஐயர் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என் தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினாராம், நான் கோயிலே அதிரக் கத்தினேனாம். அம்மா சொல்லித்தான் தெரியும். அப்புறம் ஞானோபதேசம் (லுத்தர் எழுதிய கேள்வி-பதில் பாடம்) மனப்பாடம், வளர்ந்த பிறகு சபை முன் விசுவாசத்தை அறிக்கை செய்கிற திடப்படுத்தல், நற்கருணை, இளைஞர் ஐக்கியம், டிசம்பரில் கேரல் ரவுண்டு, அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயை ஏலம் எடுப்பது. என் கிறிஸ்தவ வாழ்க்கை இவ்வளவுதான்.

ஆறு மாதமாக ஒரு நண்பன் கூப்பிட்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். நல்ல மனிதர்கள், உண்மையாகவே ஜெபிக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீ எப்போது ஞானஸ்நானம் எடுத்தாய்?" குழந்தையில் என்றேன். "அது பெயர் வைக்கிற விழா தம்பி, ஞானஸ்நானம் இல்லை" என்றார்கள். வருகிற சனிக்கிழமை பூலாம்பட்டி காவிரியில் சிலருக்கு முழுக்கு கொடுக்கிறார்கள், என் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அப்போது நான் உனக்குச் செய்தது ஒன்றுமே இல்லையா" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கூத்து என்னவென்றால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இளைஞர் ஐக்கியத்தில் "ஞானஸ்நானத்தில் பிழைப்பது" என்று பத்து நிமிடம் பேச வேண்டியவன் நான்தான். சனிக்கிழமை அங்கே முழுகிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே என்ன பேசுவேன்? சொல்லுங்கள்.

மேட்டூர் சாட்சி

பிரதர், இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. மாற்கு 16:16, "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்". முதலில் விசுவாசம், பிறகு ஞானஸ்நானம். மூன்று மாதக் குழந்தை எதை விசுவாசித்தது? அப்போஸ்தலர் 19 படியுங்கள், எபேசுவில் ஏற்கெனவே ஒரு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே பவுல் மறுபடி கொடுக்கிறார். நானும் குழந்தையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவன்தான். 31 வயது வரைக்கும் குடித்தேன், மனைவியை அடித்தேன், ஒரு ஞாயிறு விடாமல் கோயிலுக்கும் போனேன். மேட்டூரில் ஆற்றில் இறங்கி எழுந்த நாளிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. பதினான்கு வருடம் ஆகிறது. இதை எந்த ஞானோபதேசமும் எனக்குச் செய்யவில்லை.

ரயில்வே தாத்தா

தம்பி மேட்டூர், நீங்கள் குடியை விட்டதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மனதார. அதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு வேறு இடத்தில்.

எபேசுவில் இருந்தவர்கள் பெற்றது இயேசுவுக்கு முன்னே வந்த யோவான் ஸ்நானனுடைய ஞானஸ்நானம், அதிகாரத்தை முழுவதும் படித்தால் அங்கேயே இருக்கிறது. பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படவில்லை என்கிறார்கள். நம் பையன் பெற்றது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினால். இரண்டும் ஒன்றா? நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1483 நவம்பர் 10 பிறந்தார், மறுநாளே ஜெர்மனியின் ஐஸ்லேபனில் ஞானஸ்நானம், அன்று புனித மார்ட்டின் திருநாள் என்பதால்தான் அந்தப் பெயர். கொடுத்தது ரோமன் கத்தோலிக்கச் சபைக் குருவானவர். பிற்பாடு அந்தச் சபையோடு அத்தனை சண்டை போட்ட மனிதர், "அவர்கள் கொடுத்தது செல்லாது, எனக்கு இன்னொன்று கொடுங்கள்" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஏன்? கொடுத்தது கடவுள் என்று நம்பினார், குருவானவர் வெறும் கை. 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் தெளிவாகச் சொல்கிறார்: என் விசுவாசம் ஞானஸ்நானத்தை உண்டாக்குவதில்லை, அதைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் அளவுக்காக நான் சண்டைக்கு வரமாட்டேன். முழுக்குவதே அடையாளத்துக்குப் பொருத்தம் என்று லுத்தரே 1519இல் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஆற்றில் கொடுங்கள், தொட்டியில் கொடுங்கள், செம்பில் கொடுங்கள். ஆனால் கொடுத்ததையே மறுபடி கொடுத்தால், முதலில் கொடுத்தவர் பொய் சொன்னார் என்றாகிவிடும். அந்தக் கொடுத்தவர் எங்கள் ஐயர் இல்லை.

மேட்டூர் சாட்சி

ஐயா, லுத்தர் சொன்னார் லுத்தர் சொன்னார் என்கிறீர்கள். வேதம் என்ன சொல்கிறது?

ரயில்வே தாத்தா

எபேசியர் 4:5. "ஒரே ஞானஸ்நானம்." அப்போஸ்தலர் 2:39, வாக்குத்தத்தம் "உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்". யோவான் ஸ்நானன் தாயின் வயிற்றிலேயே களிப்பாய்த் துள்ளினான் என்று லூக்கா எழுதியிருக்கிறார், அவன் என்ன வேதபாடம் படித்தா துள்ளினான்? பால் குடிக்கிற பிள்ளை தன் தாயை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பேச்சு வராது, ஆனால் வேறு ஆள் தூக்கினால் அழும். அது நம்பிக்கை இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

சும்மா பார்க்கிறவன்

நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது, அதனால் யார் பக்கமும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். 1707 மே மாதம் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும் முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள். உங்கள் தமிழ் லுத்தரன் வரலாறே அங்கேதான் தொடங்குகிறது. எசமானுக்குக் கொடுத்த அதே தண்ணீர் அடிமைக்கும். நல்லது. அப்புறம் என்ன ஆயிற்று? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்டது, மற்ற மிஷன்களோடு அதற்காகவே தகராறு. இன்றைக்கு உங்கள் சபை ஆட்கள் வரன் தேடி அனுப்புகிற விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். "லுத்தரன்" என்று ஒரு வரி, அடுத்த வரியில் சாதி. கலாத்தியர் 3:27, கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டீர்கள் என்று இருக்கிறது. தரித்துக்கொண்ட சட்டைக்கு மேலே பழைய துண்டைப் போட்டுக்கொண்டுதான் பெண் பார்க்கப் போகிறீர்கள்.

மேட்டூர் அண்ணன் சிரிக்க வேண்டாம், முழுகி எழுந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நான் போயிருக்கிறேன்.

மேட்டூர் சாட்சி

சிரிக்கவில்லை. என் தங்கை கல்யாணத்திலேயே நடந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கம்.

ரயில்வே தாத்தா

சும்மா தம்பி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என் தாத்தா, பழைய சேலம் ஜில்லாவில் இருந்த கிருஷ்ணகிரியில் அமெரிக்க லுத்தரன்களின் மிசௌரி மிஷன் வேலை தொடங்கிய காலத்தில் சபைக்கு வந்தவர். வந்ததே மனுஷனாக மதித்தார்கள் என்பதால்தான் என்று எங்கள் பாட்டி சொல்வார். மூன்று தலைமுறை கழித்து நானே என் மகனுக்கு அப்படித்தான் பெண் பார்த்தேன். ஞானஸ்நானம் சரியானது, அதை வைத்துக்கொண்டு நான் செய்தது தப்பு.

மலைமேல் அக்கா

தாமதமாக வருகிறேன், ஏற்காட்டில் மழை என்றால் நெட்வொர்க் போய்விடும், தெரியும்தானே. நானும் லுத்தரன், இங்கே ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் எடைப் புத்தகம் எழுதுகிறேன். எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி கேட்டது "பிழைப்பது" பற்றி.

சின்ன ஞானோபதேசத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றி நாலு பகுதி உண்டு, நாலாவதைத்தான் எல்லோரும் திடப்படுத்தல் முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இந்தத் தண்ணீர் எதைக் காட்டுகிறது? நமக்குள் இருக்கிற பழைய ஆதாம், அதாவது பாவ சுபாவம், அனுதின மனஸ்தாபத்தாலும் மனந்திரும்புதலாலும் மூழ்கிச் சாக வேண்டும், புது மனுஷன் தினமும் எழுந்து வரவேண்டும். கவனியுங்கள், தினமும். ரோமர் 6 தான் அதற்கு ஆதாரம். மேட்டூர் அண்ணன், உங்களுக்குக் காவிரியில் நடந்ததை நான் மறுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பதினான்கு வருடமும் ஒவ்வொரு சாயங்காலமும் கடையைத் தாண்டி வீட்டுக்கு வந்தீர்களே, எங்கள் ஞானோபதேசம் சொல்லுகிற ஞானஸ்நான வாழ்க்கை அதுதான்.

என் கதை. பழம் பறிக்கிற காலத்தில் சாயங்காலம் பெண்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். கிலோ கணக்கில் கூலி. "ஈரம், சாக்கு எடை" என்று சொல்லி மூட்டைக்கு ஒரு கிலோ கழித்து எழுதச் சொல்வார்கள். சாக்கு ஒரு கிலோ இருக்காது, எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இரண்டு வருடம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை சொல்வேன், திங்கட்கிழமை ஒரு கிலோ கழிப்பேன். பழைய ஆதாமை ஆற்றில் ஒரு முறை முக்கினால் சாவான் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் நடந்தே இறங்கி வந்து நானும் முழுகுவேன், தம்பி. அவன் சாகிறவன் இல்லை. ஒரு நாள் காலையில் சிலுவை அடையாளம் போட்டு "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று சொன்னபோது (லுத்தர் காலை ஜெபத்தை அப்படித்தான் தொடங்கச் சொல்கிறார், பிறகு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார்), அதே வார்த்தையைத்தானே என் தலையில் தண்ணீர் ஊற்றிச் சொன்னார்கள், அதே தலையைக் குனிந்துதானே இந்தப் பொய் எடையை எழுதுகிறேன் என்று தோன்றியது. அன்றைக்கு வெறும் சாக்கை தராசில் போட்டு, வந்ததை மட்டும் கழித்தேன். திட்டு வாங்கினேன். வேலை போகவில்லை, போயிருக்கவும் கூடும்.

சும்மா பார்க்கிறவன்

இதைச் செய்ய ஞானஸ்நானம் வேண்டுமா அக்கா? மனச்சாட்சி போதாதா?

மலைமேல் அக்கா

மனச்சாட்சி இரண்டு வருடமாக இருந்ததே, என்ன செய்தது? "எல்லா எஸ்டேட்டிலும் இப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிவிட்டுத் தூங்கியது. தப்பு செய்தாயா, செய்தேன், ஆனாலும் நீ என் பிள்ளை என்று சொல்ல ஒருவர் இருக்கிறார் என்றால்தான் எனக்குத் தப்பை ஒத்துக்கொள்ளவே தைரியம் வருகிறது. இல்லாவிட்டால் மறைக்கத்தான் தோன்றும். உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

மேட்டூர் சாட்சி

சிஸ்டர் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று. உங்கள் சபையில் இப்படி இதுவரை யாராவது அந்தப் பையனிடம் பேசினீர்களா? எங்கள் ஆட்கள் பேசினார்கள். அதனால்தான் அவன் ஐந்து ரோட்டுக்கு வந்தான். ஞானப்பெற்றோர் என்று இரண்டு பேர் நின்று வாக்குக் கொடுப்பார்களே, அவர்கள் எங்கே?

ரயில்வே தாத்தா

அடி சரியான இடத்தில் விழுந்தது. நான் எத்தனையோ குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன். வெள்ளி அரைஞாண் போட்டேன், பிரியாணி சாப்பிட்டேன். இரண்டு பேருக்குத்தான் இன்னும் போன் செய்கிறேன்.

கொலுசுக் கணக்கு

எல்லாவற்றையும் படித்தேன். அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இதை இங்கே சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, சரி, பெயர் தெரியாத இடம்தானே என்று சொல்கிறேன்.

எனக்கு ஆற்றில் முழுக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் வேதவசனம் இல்லை. பட்டறையில் வெள்ளியை எடை போட்டு வீட்டு வேலைக்காரர்களிடம் கொடுப்போம், அவர்கள் கொலுசாகச் செய்து கொண்டுவருவார்கள், சேதாரம் கழித்து, குறைந்தால் அந்தக் குறைவைக் கூலியில் பிடிப்போம். பனங்காட்டிலிருந்து ஒரு அக்கா வருவார், பற்றவைக்கிற வேலை. படிக்கத் தெரியாது, நான் சொல்கிற எண்தான் அவருக்குக் கணக்கு. 0.4 கிராம் குறைந்தால் ஒரு கிராம் என்று எழுதியிருக்கிறேன். முதலாளி சொல்லி இல்லை. "இந்தப் பையன் வந்த பிறகு பட்டறை மொத்தக் கணக்கில் குறைவே வருவதில்லை" என்று அவர் ஒரு முறை பாராட்டினார், அந்தப் பாராட்டுக்காக. ஒன்றரை வருடம். ஆற்றில் இறங்கினால் அது எல்லாம் வேறு ஆள் செய்தது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மலைமேல் அக்கா

தம்பி. அது வேறு ஆள் செய்தது ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. மன்னிப்பு உனக்குத்தான், நீ செய்ததற்குத்தான். அதற்காகத்தான் தண்ணீர் ஊற்றினார்கள். உன் பழைய நோட்டு இருக்கிறதா?

கொலுசுக் கணக்கு

இருக்கிறது. உண்மையான எடையைப் பென்சிலில் ஓரத்தில் குறித்திருக்கிறேன். ஏன் குறித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரயில்வே தாத்தா

எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லமாட்டேன், பிரசங்கம் ஆகிவிடும். சனிக்கிழமை பட்டறைக்கு அரை நாள் லீவு போடு. பனங்காடு பக்கம்தான். துணைக்கு ஆள் வேண்டுமானால் சூரமங்கலத்தில் நான் இருக்கிறேன், ஸ்கூட்டர் ஓடும்.

மேட்டூர் சாட்சி

பணத்தைத் திருப்பிக் கொடு தம்பி, எனக்கும் சந்தோஷம், இந்த வாரம் உனக்காக உபவாசம் இருக்கிறேன். ஆனால் குழந்தை ஞானஸ்நானம் பற்றி ஐயா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பூலாம்பட்டியில் அடுத்த மாதமும் தண்ணீர் ஓடும்.

ரயில்வே தாத்தா

ஓடட்டும். நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொலுசுக் கணக்கு

சனிக்கிழமை பூலாம்பட்டிக்கு வரவில்லை என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டான். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சந்தேகம். மொத்தம் 38 கிராம் சொச்சம் வருகிறது. வெள்ளி விலை ஒன்றரை வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. அன்றைய விலை போட்டுக் கொடுப்பதா, இன்றைய விலையா?

மலைமேல் அக்கா

இன்றைய விலை. இதில் என்ன கேள்வி?

மேட்டூர் சாட்சி

ஏமாற்றி வாங்கிய வரிக்காரன் சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் பிரதர். லூக்கா 19.

ரயில்வே தாத்தா

இதில் மட்டும் மேட்டூர்க்காரரோடு ஒத்துப்போகிறேன்.

கொலுசுக் கணக்கு

நாலு மடங்கா? ஐயா, சம்பளமே என்ன என்று தெரியுமா உங்களுக்கு?

சும்மா பார்க்கிறவன்

இன்றைய விலையை இந்த மாதம் கொடு, மீதி மூன்று மடங்கைத் தவணையில் கொடு. நோட்டில் பேனாவால் எழுது.