தொடாமலே திறந்துகொள்ளும் கார்க் கதவு: லாக் மோட்டாரா, கைப்பிடிச் சுவிட்சா?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுப் பழைய கார் திறந்த கொட்டகையில்தான் நிற்கிறது. சாவி சட்டைப்பையில் இருக்க, ஓட்டுநர் பக்கக் கைப்பிடியிலுள்ள சிறு கருப்புப் பொத்தானை அழுத்தினால் கதவு பூட்டவும் திறக்கவும் வேண்டும். இரண்டு மாதங்களாக விடியற்காலையில் அந்தப் பொத்தான் வேலை செய்வதில்லை. வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்கிறது. இதைவிட வியப்பு, சில நாள் காலையில் நான் காரின் அருகே போய் நின்றதுமே, கை வைக்காமலே, டக்கென்று பூட்டு திறந்துகொள்கிறது. ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவுகளும் ஒழுங்காகப் பூட்டுகின்றன. இடப்பக்கக் கைப்பிடியிலும் குறையில்லை. பட்டறையில் எதையும் அளந்து பார்க்காமலே லாக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மறுமொழி (இராமநாதபுரம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

ஐயா, மோட்டாரில் கை வைக்க வேண்டாம். ரிமோட்டுக்கு அந்தக் கதவு பூட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் பழுதாக இருந்தால் ரிமோட்டுக்கும் அது அசைந்திருக்காது. இடப்பக்கப் பொத்தான் சரியாக இருப்பதால் சாவியின் பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நலம். மிஞ்சுவது ஓட்டுநர் பக்கக் கைப்பிடியும் அதற்குப் போகும் வயரும்தான்.

பொத்தானுக்குள் இருப்பது ஒரு சிறு சுவிட்ச். பெரும்பாலான கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த வயரில் 5 அல்லது 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். நாம் அழுத்தும்போது அது எர்த்தோடு சேர்ந்து சுழியத்துக்கு இறங்கும். இறங்கியதைக் கண்டதும் பெட்டி கைப்பிடியிலுள்ள ஆன்டெனா வழியாகச் சாவியைத் தேடும். சாவி அருகில் இருந்து பதில் கொடுத்தால் பூட்டு திறக்கும். நம் கரையில் காற்றோடு வரும் உப்பு சுவிட்சுக்குள் படிந்துவிட்டால், இரவு ஈரத்தை அது உறிஞ்சி, அழுத்தாத நேரத்திலும் மின்சாரத்தைக் கசியவிடும். பெட்டியோ யாரோ அழுத்துவதாக எண்ணிக்கொள்ளும். அப்போது சாவியுடன் நீங்கள் வந்து நின்றால் கதவு திறக்கத்தானே செய்யும்? கசிவு விடாமல் நீடித்தால், நீங்கள் உண்மையாகவே அழுத்துவது அதற்குத் தெரியாமலும் போகும். வெயிலில் காய்ந்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன.

அந்தச் சுவிட்ச் வயரின் வோல்ட்டைக் காலையிலேயே அளந்து பாருங்கள். மதியம் பார்த்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கதவின் விளிம்பில், பூட்டுக்கு மேலே, ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதற்குள் இருக்கும் திருகைத் தளர்த்தினால், பல கார்களில் கைப்பிடியைப் பின்னால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். கனெக்டரைப் பிரிக்கும் முன் வயரை ஒரு நூலால் கட்டிவிடுங்கள். அது கதவுக்குள் விழுந்துவிட்டால் கதவின் உட்பக்க அட்டையான டோர் பேடையே கழற்ற வேண்டிவரும். நான் தொழில் கற்ற காலத்தில் இரண்டு முறை அப்படி விட்டு வசை வாங்கியிருக்கிறேன்.

மறுமொழி (கீழக்கரை)

மேலே சொன்னது சரியே. ஆனால் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் காரின் தூணுக்கும் இடையே வயர்கள் போகும் ரப்பர் குழாயையும் பார்த்துவிடுவது நல்லது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி அங்கே வயர் அறுந்துபோவது உண்டு. எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஆனால் அறுந்த வயருக்குக் காலை மாலை என்ற பேதம் கிடையாது. கதவை எந்த அளவுக்குத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது மாறும்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை ஆறரை மணிக்கு அளந்தேன். இடப்பக்கம் 4.8 வோல்ட், அழுத்தினால் சுழியம். ஓட்டுநர் பக்கம் அழுத்தாமலே 1.9 வோல்ட். கனெக்டரைப் பிரித்ததும் வயர் பக்கத்தில் 4.8 வந்துவிட்டது; கதவை ஆட்டிப் பார்த்தும் அது மாறவில்லை. தனியாக எடுத்த கைப்பிடியின் சுவிட்சை அளந்தால், அழுத்தாத நிலையில் சுமார் 1,400 ஓம் காட்டுகிறது. கனெக்டர் ஊசி ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது.

மறுமொழி (இராமநாதபுரம், ஆட்டோ எலக்ட்ரீஷியன்)

வயர் குற்றமற்றது; குற்றவாளி கைப்பிடிக்குள் இருக்கிறான். நல்ல சுவிட்ச் அழுத்தாதபோது எந்த எண்ணும் காட்டக் கூடாது. அழுத்தினால் ஓரிரு ஓமுக்குள் வர வேண்டும். கனெக்டரை முதலில் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். பலரும் நேராக, மின்தொடுமுனைகளைத் துடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடிக்கிறார்கள். நீரில் கரைவதுபோல் உப்பு அந்தக் கிளீனரில் கரையாது. நன்கு காய்ந்த பின் கிளீனர், அதன் பிறகு சிறிது சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். அதன் பிறகும் ஓம் காட்டினால் சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும். கைப்பிடியின் பின்மூடி திறக்கக்கூடியதென்றால் அதே அளவுச் சுவிட்சை வாங்கிச் சால்டர் வைக்கலாம். பிசின் ஊற்றி அடைத்திருந்தால் முழுக் கைப்பிடியையே வாங்க வேண்டும்.

மறுமொழி (தொண்டி)

கார் கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உவர்நீர். அதில் கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்டால், காற்றுக் கொண்டுவரும் உப்பு போதாதென்று நாமே உப்பை ஊற்றியதாகும். கைப்பிடிகளுக்கு மட்டுமாவது ஒரு குடம் நல்ல தண்ணீர் செலவிடுகிறேன்.

கேள்வி கேட்டவர்

கழுவிக் காயவைத்த பிறகும் மறுநாள் காலை 2,000 ஓம் காட்டியதால் சுவிட்சை மாற்றிவிட்டேன். மூடி திறக்கக்கூடியதாகவே இருந்தது. பத்து நாட்களாக விடியற்காலையில் அளக்கிறேன், 4.8 குறையவில்லை, கதவும் தானாகத் திறக்கவில்லை. பழைய சுவிட்சை உடைத்துப் பார்த்தேன்: பொத்தான் மேலுள்ள ரப்பரில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு, அதற்கு நேர் கீழே தகடு முழுவதும் பச்சை. இடப்பக்க ரப்பரிலும் வெடிப்பு தொடங்கியிருப்பதால், அதற்கும் ஒரு சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன்.